பூசான் வரைக்கும் ஒரு பாடு

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாளில் எங்கள் குப்பத்தில் தலைக்கட்டுப் பேர் படிப்பார்கள். கல்யாணமான ஆம்பளை ஒவ்வொருத்தன் பேரும் வரும். பேர் வந்தவன், இருக்கிறேன் என்பதற்கு, "கீறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். வெளியூர் போயிருந்தால் அவனுக்காக இன்னொரு ஆம்பளை குரல் கொடுக்கலாம். அதில் தப்பில்லை. ஒரு வருஷம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் புருஷன் பேர் வந்ததும் அவள் என் விலாவில் விரலால் குத்தினாள்.

"நைனா, சொல்லு."

"கீறேன்" என்றேன்.

பெரியதனக்காரர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இன்னாம்மா, உன் ஆளு எங்க கீறான்?"

"கடல்ல."

"கடல்லன்னா மேலயா, கீழயா?"

கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "அத்த நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு மாமா. உனக்கும் வயசாவுது, எப்டியும் போவப் போற" என்றாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவளைப் பற்றி நினைத்தால் முதலில் அந்த விரல்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. இறால் உரித்து உரித்து நகம் மழுங்கிப்போன விரல். புருஷன் பேரை எங்கே யார் கூப்பிட்டாலும் அது பதில் இல்லாமல் காற்றில் போவதை அவள் பொறுக்க மாட்டாள். யாரையாவது குத்தி எழுப்பிப் பதில் சொல்லவைப்பாள். பெரும்பாலும் அந்த யாரோ நான்தான். பக்கத்து வீடு, வயசான ஆள், பொழுதுக்கும் சும்மா இருக்கிறவன்.

அவள் புருஷன் கப்பல் வேலைக்குப் போனவன். எங்கள் குப்பத்தில் படித்து, பொன்னேரியில் படித்து, மெட்ராஸில் ஏதோ கோர்ஸ் முடித்துக் கப்பலேறினான். கப்பல்காரன் என்றால் இங்கேயிருந்து கப்பலில் போவான் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கப்பல் எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊருக்கு விமானத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்களாம். எட்டு மாதம் வேலை, திரும்ப விமானம். இப்படி ஒரு பத்து வருஷம் பறந்தான். பழவேற்காடு ஏரியில் வலை கட்டுகிற ஜாதியில் பிறந்தவன் தண்ணீரில் போனதைவிட ஆகாயத்தில் போனதுதான் அதிகம்.

கடைசியாக அவன் கப்பலேறியது பூசான் என்ற ஊரில். கொரியா தேசமாம். கப்பல் கிளம்பின மறுநாள் காலையில் ஆளைக் காணோம். தேடினார்கள், கிடைக்கவில்லை. அவன் பை மட்டும் வந்தது. அதில் இரண்டு சட்டை, ஒரு ஜோடி ஷூ, அவன் போன், ஒரு நீல நிற அட்டை. அந்த அட்டைதான் இந்தக் கதைக்கெல்லாம் காரணம்.

கூடவே கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. தவறி விழுந்திருக்கலாம், தானாகவே இறங்கியிருக்கவும் கூடும் என்று எழுதியிருந்ததாம். கப்பலேறுவதற்கு முன்னால் அவன் போன் பண்ணியிருக்கிறான், இந்தத் தடவை எட்டு மாதத்துக்கு மேல் இன்னும் நாலு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று. இவள் ஆத்திரத்தில், "அங்கியே கெட, வராத" என்று வைத்துவிட்டாள். இதை ஒருநாள் வலை உதறிக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னாள். அழவில்லை. நண்டைப் பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"வுழுந்தாரா, குதிச்சாரா. அத்த மட்டும் யார்னா எனக்குச் சொல்லிட்டா போதும் நைனா. செத்துட்டார்னு கையெழுத்துப் போடச் சொல்றாங்களே, அப்பால போட்டுட்றேன்."

எங்கள் ஏரியில் இஷ்டத்துக்கு வலை கட்ட முடியாது. இறால் ஓடுகிற இடங்கள் கொஞ்சம், ஆட்கள் அதிகம். அதனால் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இன்னார், இந்த இடம் என்று முறை எடுப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். பாடு உள்ளவன் ஊரில் இல்லையென்றால் அவன் பேரில் இன்னொருத்தன் போய்க் கழி ஊன்றலாம். அந்தப் பக்கம் படகில் போகிறவர்கள் "யாரு பாடு?" என்று கேட்டால், நம் பேரைச் சொல்லக்கூடாது. பாடு யாருடையதோ அவன் பேரைத்தான் சொல்ல வேண்டும். அவன் கப்பலுக்குப் போன நாள் முதல் அவன் பாட்டை நான்தான் பார்த்தேன். பிடித்ததில் பாதி அவளுக்கு. அவன் காணாமல் போன பிறகும் பார்த்தேன். வாடைக்காற்றில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவன் பேரை நான் எத்தனை தடவை கத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

உயிரோடு இருக்கிறவன் பேரில்தான் பாடு நிற்கும். செத்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் பேரை அடித்துவிடுவார்கள். மகன் இருந்தால் அவனுக்குப் போகும். அவளுக்குப் பிள்ளை இல்லை.

நீல அட்டையைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

பழவேற்காடு கடைத்தெருவில் மொபைல் கடை வைத்திருக்கிற பாய்தான் அது என்னவென்று அவளுக்குச் சொன்னவர். விமானத்தில் போகப் போக அந்த அட்டையில் மைல் ஏறுமாம். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தது கப்பல் கம்பெனி, ஆனால் மைல் பறந்தவனுக்கு. பத்து வருஷ மைல் அப்படியே கிடந்தது. அதைக் கொடுத்தால் காசுக்குப் பதிலாக டிக்கெட் கொடுப்பார்கள். வரி மட்டும் கையிலிருந்து கட்ட வேண்டும்.

"இத்த வச்சி எங்க வரைக்கும் போலாம் பாய்?"

"நேராப் போனா ரொம்ப தூரம் போலாம்மா. ஆனா மூணு வருஷம் எடுக்காம வச்சிருந்தா செத்துடும்."

"இன்னாது செத்துடும்?"

"மைலு."

"அட, இதுக்கும் சாவு கீதா?" என்று கேட்டு அவள் வெகுநேரம் சிரித்தாளாம். பாய் என்னிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னார் பாய். அட்டைக்காரன் செத்துவிட்டான் என்று விமானக் கம்பெனிக்குத் தெரிந்தால் மொத்த மைலும் போய்விடும்.

அன்றிலிருந்து பூசானுக்குப் போக வழி தேட ஆரம்பித்தாள். எட்டாவது வரைக்கும் படித்தவள். பகலில் இறால் விற்பாள். மத்தியானம் மார்க்கெட்டிலிருந்து வந்ததும் சுவரோரம் உட்கார்ந்து அவன் போனைத் தடவிக்கொண்டிருப்பாள். கிழிந்த வலையிலிருந்து வெள்ளை மிதப்புகளை அறுத்தெடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு ஊர்ப் பேரைப் பேனாவால் எழுதினாள். வீட்டுக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் கயிறு கட்டி அவற்றைக் கோத்துவிட்டாள். மெட்ராஸ், கொழும்பு, சிங்கப்பூர், பூசான். நடுவில் வேறு ஊர்களும் வரும், போகும். இன்றைக்கு இந்த வழியில் மைல் குறைவு என்றால் ஒரு மிதப்பைத் தள்ளுவாள். நாளைக்கு அந்தத் தேதியில் இடமில்லை என்றால் இன்னொன்றைக் கழற்றுவாள். கடற்காற்று வீட்டுக்குள் வரும்போது மிதப்புகள் ஒன்றோடு ஒன்று இடித்துக் கட்டைச் சத்தம் போடும். யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி இருக்கும். எனக்கு அந்த வீட்டுக்குள் போகப் பிடிக்காது. ஆனாலும் போவேன்.

"நேராப் போனாதான் சுளுவாச்சே" என்றேன் ஒருதரம்.

"அவுரு நேராப் போவல நைனா. கொழும்புல ஒரு நாளு ஒக்காந்தாரு, சிங்கப்பூர்ல ஒரு நாளு. ஒவ்வொரு ஊர்லயும் எறங்கி எனக்குப் போன் பண்ணி, இங்க இது கீது, அங்க அது கீதுன்னு சொன்னாரு. அந்த வழியிலயே போவணும். வழியில நின்னு போனாலும் அதே மைலு, தெரியுமா? நிக்கறதுக்குத் தனியாக் கேக்க மாட்டாங்க. அதுக்கு ஒரு ரூல் கீது. கண்டுபுடிச்சிட்டேன்."

ஒரு கம்பெனி மைலைக் கொடுத்து அதன் பங்காளிக் கம்பெனி விமானத்திலும் போகலாம் என்றாள்.

"பங்காளின்னா சண்ட போட மாட்டானா?" என்று கேட்டேன்.

"அது நம்ம ஊரு பங்காளி. அவங்கள்லாம் படிச்சவங்க."

இப்படியெல்லாம் விளையாட்டாகப் பேசுவாள். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை செய்கிற பையன்கள்கூட வெளிநாடு போக அவளிடம் வந்து வழி கேட்டார்கள். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். மெட்ராஸ் ஏர்போர்ட்டைக்கூடப் பார்க்காதவள், எந்த ஊரில் எந்த வாசலிலிருந்து எந்த வாசலுக்கு ஓட வேண்டும் என்று சொல்வாள். விசாவுக்கு மாதக்கணக்கில் அலைந்தாள். கடைசியில் பூசான் துறைமுகத்தில் கப்பல்காரர்களுக்கென்று இருக்கிற சர்ச்சுக்காரர்கள் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள்.

எல்லாம் கூடிவந்த பிறகு ஒரு முட்டுக்கட்டை. அவன் மைலில் அவள் போக வேண்டுமானால் அவள் பேரை அவன் சேர்க்க வேண்டும். அதற்குக் கம்பெனியிலிருந்து போன் வரும், அவனோடு பேசுவார்கள். மைல் சாக இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது.

அவன் மாதிரி போனில் பேச என்னை வந்து கூப்பிட்டாள்.

"இது தப்பும்மா" என்றேன்.

"இன்னா தப்பு? பாட்டுல நிக்கும்போது அவுரு பேரத்தான சொல்ற? அது தப்பா?"

விவரம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் பொய், ஏமாற்று என்பார்கள். எங்களுக்கு அது அப்படித் தோன்றவில்லை. அவன் முறை வந்திருக்கிறது, அவன் இல்லை, அவன் பேரில் ஒருத்தன் நிற்கிறான். அவ்வளவுதான்.

எனக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். அவன் பிறந்த தேதியைக் கரியால் சுவரில் எழுதிவைத்தாள். கயிற்றுக்குக் கீழே என்னை உட்காரவைத்தாள். போன் வந்தது. ஒரு பொண்ணு, நல்ல தமிழ். அவன் பேரைச் சொல்லி, "பேசுவது நீங்கள்தானா சார்?" என்று கேட்டது.

"நாந்தாம்மா."

பிறந்த தேதி கேட்டது. சுவரைப் பார்த்துச் சொன்னேன். கடைசியாகப் போன ஊர் கேட்டது. பூசான் என்றேன். பிறகு, "விமானத்தில் உங்களுக்கு எந்தச் சாப்பாடு வேண்டும் என்று பதிந்திருக்கிறீர்கள் சார்?" என்று கேட்டது.

அதை அவள் சொல்லிவைக்கவில்லை. அவள் உதட்டை அசைத்து, "மீனு, மீனு" என்றாள்.

"சைவம்" என்று என் வாய் சொன்னது.

"சரிங்க சார். நன்றி" என்றது அந்தப் பொண்ணு. அவள் பேரைச் சேர்த்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டது.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கருவாடு இல்லாம ஒரு வாய் எறக்க மாட்டாரு. உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. பெரிய எடத்துக் கல்யாணத்துல சைவம்தான போட்றான். அந்த நெனப்புல வந்துடுச்சி."

நிஜமாகவே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் மிதப்புகள் அப்போது சத்தம் போட்டன. கதவு சாத்தியிருந்தது. காற்று எந்தச் சந்து வழியாக வந்தது என்று பார்த்தேன், தெரியவில்லை.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவது கொஞ்சம் மாறிப்போனது. வாசலில் நான் போனால் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வாள். மகள் மாதிரி இருந்தவள். குழம்பு கொடுத்தனுப்பினால் மீன் இருக்காது. என் வீட்டுக்காரி கேட்டேவிட்டாள்: "இன்னாய்யா, அந்தப் பொண்ணு உனக்கு வெறும் கத்தரிக்காயே குடுத்தனுப்புது?"

கிளம்புகிற அன்றைக்கு அவன் போனை என் கையில் கொடுத்தாள். அவள் புதுசாக ஒன்று வாங்கியிருந்தாள். அவன் நம்பருக்கு ஏதாவது எண் வந்தால் அதைப் படித்துச் சொல்ல வேண்டும். அப்புறம், ஒவ்வொரு ஊரிலும் இறங்கியதும் அவள் கூப்பிடுவாள், நான் எடுக்க வேண்டும்.

"எடுத்து இன்னா சொல்லணும்?"

"நான் சொல்றத கேட்டுக்கினா போதும். அவுரு சொன்னப்ப நான் கேட்டேன்ல, அது மாதிரி."

கொழும்பிலிருந்து கூப்பிட்டாள். "நைனா, எறங்கிட்டேன். மழை பெய்யுது" என்றாள். பெரிய புத்தர் சிலை, செருப்புக் கடை, டீ விலை எல்லாம் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் பார்க்காத ஊர் என் காதுக்குள் வருகிறதே என்று.

சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டபோது நான் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில்.

"யோவ், எறங்கிட்டேன்" என்றாள்.

புருஷனைத்தான் அவள் அப்படிக் கூப்பிடுவாள்.

"நீ சொன்ன மாதிரிதான் கீது. தரையெல்லாம் கம்பளம். நடந்தா சத்தமே வரல. சாப்ட்டியா?"

நான் நைனா பேசுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்தக் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. கல்யாணமான புதுசில் அவன் லீவில் வரும்போது அவளிடம் இருந்த சிரிப்பு. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாங்கள் கேட்டிருக்கிறோம்.

"சாப்ட்டேன்" என்றேன்.

"இன்னா சாப்ட்ட?"

"கத்தரிக்கா" என்றேன். "நெனச்சேன்" என்று வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகு பூசானிலிருந்து போன் வந்தது. நான் ஏரிக்கரையில் குந்தியிருந்தேன். தூரத்தில் பூநாரைகள் தண்ணீரில் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் காற்று இரைகிற சத்தம் கேட்டது. கப்பல் ஊதுகிற சத்தமும் கேட்டது. அவள் துறைமுகத்துக்கே போய்விட்டாள் என்று தெரிந்தது.

"யோவ்."

"சொல்லு."

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கப் போறேன். டபாய்க்காத. நீ வுழுந்தியா, குதிச்சியா?"

இதற்குத்தான் அவள் இத்தனை காலமாகக் கயிறு கட்டினாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். திரும்பக் காதில் வைத்தேன்.

"வழுக்கிக்கிச்சி."

"எதுல?"

"தரையில. பச்சை பெயிண்டு அடிச்ச தரை. தூத்தல் போட்டுக்கினு இருந்திச்சி. கயிறு ஒண்ணு கெடந்திச்சி, அத்த எடுத்துச் சுத்தி வெக்கலாம்னு குனிஞ்சேன்."

நான் கப்பலில் ஏறினவன் இல்லை. காட்டுப்பள்ளியில் நிற்கிற கப்பல்களைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மேலே தரை என்ன நிறம் என்று கீழேயிருந்து எப்படித் தெரியும்?

அந்தப் பக்கம் மறுபடியும் கப்பல் ஊதியது.

"நான் வராதன்னு சொன்னத நெனச்சிக்கினே வுழுந்தியா?"

"உன்ன நெனைக்கவே நேரமில்லம்மே. ஒரு நிமிஷம் கூட இல்ல."

அவள் கேட்டாள்: "தண்ணி சில்லுனு இருந்திச்சா?"

"இருந்திச்சி. அப்பால இல்ல."

"சரி" என்றாள். "அப்ப நான் கையெழுத்துப் போட்டுடட்டா?"

"போட்டுடு" என்றேன்.

போன் நின்றுவிட்டது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. கால் இரண்டும் முழங்கால் வரைக்கும் விறைத்துப்போயிருந்தது. குந்தி உட்கார்ந்ததால் இருக்கலாம். நான் சொன்னது பொய் என்றால் அது நல்ல பொய், அவளுக்கு ஆறுதல். அதில் எனக்குப் பயமில்லை. பொய் சொல்லும்போது ஒரு யோசனை வேண்டும் அல்லவா? நான் யோசிக்கவே இல்லை. அதுதான் பயம்.

அவள் திரும்பி வந்தாள். வந்த மறுநாளே பொன்னேரிக்குப் போய் வக்கீல் ஆபீஸில் கையெழுத்துப் போட்டாள். பெரியதனக்காரரிடம் தானே போய், "பேர அடிச்சிடு மாமா" என்றாள். அவர் நோட்டை எடுக்கவே தயங்கினாராம். உடம்பு கிடைக்காதவனுக்குக் கடற்கரையில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். பூ, வளையல், தாலி எல்லாம் எடுத்தார்கள். இத்தனை வருஷம் அழாதவள் அன்றைக்கு அழுதாள். ஊர்ப் பெண்கள் எல்லாரும் அவளைச் சுற்றி நின்றார்கள்.

போனைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். என் காலடி வரைக்கும் பெருக்கினாள், என் காலைச் சுற்றிப் பெருக்கவில்லை, அதன் மேலேயே துடைப்பம் போனது. ஏதோ கவலையில் இருக்கிறாள் என்று திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவை, "இந்தாம்மா, அவன் போனு" என்று எதிரில் நின்று நீட்டினேன். அவள் என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள். மீன்காரி ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள், அவளைக் கூப்பிட்டு மடவை என்ன விலை என்று கேட்டாள். போனைச் சுவர் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

பதினாறாம் நாள் எல்லாருக்கும் சாப்பாடு. அவள் வீட்டில் கயிறு இல்லை, மிதப்புகள் இல்லை. சுவர் வெறுமையாக இருந்தது. அவன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டுப் படைத்திருந்தாள். சாம்பார், கத்தரிக்காய், கூட்டு, அப்பளம். கருவாடு இல்லை. நானும் என் வீட்டுக்காரியும் பந்தியில் உட்கார்ந்தோம். அவளே பரிமாறினாள். எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கு வைத்தாள், அந்தப் பக்கம் இருந்த என் வீட்டுக்காரிக்கு வைத்தாள். என் இலை வெறும் இலையாகவே இருந்தது.

என் வீட்டுக்காரி கூப்பிட்டாள்: "இந்தாம்மே, இவுருக்கு வெக்காம போற பாரு."

அவள் நின்று திரும்பினாள். என் இலையைப் பார்த்தாள். பிறகு ரொம்பப் பொறுமையாக, விவரம் தெரியாதவர்களிடம் சொல்கிற மாதிரி, படத்துப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அவுருக்குத்தான் அங்க படைச்சிட்டனே."

வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனால் அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கொஞ்சமும் பசி இல்லை. வயிறு நிறைந்திருந்தது.